கடல் கடந்த உறவு: தொலைவில் வாழும் இணையர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலை, படிப்பு, விசா போன்ற காரணங்களால் ஒருவர் ஒரு நாட்டிலும் மற்றவர் வேறொரு நாட்டிலும் வாழ நேர்ந்த கணவன் மனைவியருக்காகவும் காதலர்களுக்காகவும் இந்தப் பக்கத்தை எழுதியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எவ்வளவு நேரம் பேசுகிறோம் என்பதைவிட, சொன்ன சொல்லை எவ்வளவு நம்ப முடிகிறது என்பதும், ஒருவருடைய அன்றாட வாழ்க்கையில் மற்றவருக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும்தான் தொலைதூர உறவைத் தாங்கிப் பிடிக்கின்றன. கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை அந்த இரண்டிலிருந்து பிறந்தவையே.

தொலைவில் வாழ்ந்தாலே உறவு பலவீனமாகிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

பலரும் நம்புகிற அளவுக்கு அது உண்மையன்று. கிரிஸ்டல் ஜியாங், ஜெஃப்ரி ஹான்காக் என்ற இரு ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், தொலைவில் வாழ்ந்த காதலர்களும் அருகருகே வாழ்ந்த காதலர்களும் தங்களுக்கிடையே நடந்த அன்றாட உரையாடல்களை நாட்குறிப்பு போலப் பதிவு செய்தார்கள். தொலைவில் இருந்தவர்கள் தங்கள் மனத்தைக் கூடுதலாகத் திறந்து பேசினார்கள் என்பதும், அருகில் இருந்தவர்களைவிடக் கூடுதலான நெருக்கத்தை உணர்ந்தார்கள் என்பதும் அதன் முடிவு. பேச்சைத் தவிர வேறு வழியில்லாத இடத்தில் பேச்சின் தரம் உயர்கிறது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தொலைவில் இருப்பவர்கள் தங்கள் துணையை உள்ளபடி பார்ப்பதைவிடச் சற்று உயர்த்தியே பார்க்கிறார்கள். பிரிவின்போது இந்த மனப்பாங்கு ஆறுதல் தருகிறது. சேர்ந்து வாழத் தொடங்கும்போது இதுவே தொல்லையாகவும் மாறக்கூடும். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

ஒரு நாளைக்கு எத்தனை முறை பேச வேண்டும்?

எல்லோருக்கும் பொருந்துகிற எண்ணிக்கை எதுவும் இல்லை. அப்படி ஒன்றைத் தேடுவதே சிக்கலை உண்டாக்குகிறது என்பது என் எண்ணம். தினமும் மூன்று முறை அழைப்பதாக உற்சாகத்தில் வாக்குக் கொடுத்துவிட்டு வாரத்தில் நான்கு நாட்கள் அதைத் தவறவிடும் ஒருவரைவிட, இரண்டு நாட்களுக்கு ஒரு முறை மட்டும் அழைத்தாலும் அந்த நேரத்தில் தவறாமல் வந்துவிடும் ஒருவர் தம் துணைக்கு அதிக நிம்மதியைக் கொடுக்கிறார். காத்திருந்து ஏமாறுவதுதான் மனத்தை அரிக்கிறது. எதிர்பார்ப்பு எதுவும் இல்லாத மௌனம் அந்த அளவுக்கு அரிப்பதில்லை.

ஆகவே இருவரும் சேர்ந்து முதலில் முடிவு செய்ய வேண்டியது குறைந்தபட்ச அளவை. வேலை மிகக் கடினமாக இருக்கும் வாரத்திலும், தேர்வு நெருங்கும் மாதத்திலும், உடல்நலம் சரியில்லாத நாளிலும் காப்பாற்ற முடிகிற அளவு எதுவோ அதையே வாக்காகக் கொடுங்கள். அதற்கு மேல் பேசுவதெல்லாம் மகிழ்ச்சி. அது குறைந்தால் யாரும் குற்றவாளி ஆக வேண்டியதில்லை. குறித்த நேரத்துக்கு வர முடியாது என்று தெரிந்த உடனேயே ஒரு வரி எழுதிவிடுவதும், அதோடு மாற்று நேரத்தைச் சொல்லிவிடுவதும் இந்த ஏற்பாட்டின் பகுதியாக இருக்க வேண்டும். "இன்று முடியாது" என்று மட்டும் எழுதுவதற்கும் "இன்று முடியாது, நாளை காலை எட்டு மணிக்கு அழைக்கிறேன்" என்று எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பெறுபவர்தான் முழுதாக உணர்வார்.

நீண்ட அழைப்பையும் நாள் முழுதும் அனுப்பும் சிறு செய்திகளையும் ஒன்றாக எண்ண வேண்டாம். சிறு செய்திகள் "உன் நினைவு இருக்கிறது" என்று தெரிவிக்கின்றன. மனத்தில் இருப்பதைச் சொல்லவும் கேட்கவும் நீண்ட அழைப்பே இடம் கொடுக்கிறது. ஒன்று பெருகியதால் மற்றொன்று தேவையில்லை என்று நினைக்கும் இணையர் நாளெல்லாம் தொடர்பில் இருந்தும் தனிமையை உணர்கிறார்கள்.

நேர வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது?

இருவரும் விழித்திருக்கும் பொதுவான மணிநேரங்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். வேறுபாடு மூன்று நான்கு மணி நேரம் என்றால் மாலைப் பொழுதுகள் ஓரளவு ஒன்றுசேரும். பத்து மணி நேரத்தைத் தாண்டினால் ஒருவருடைய காலை மற்றவருடைய இரவோடு மட்டுமே ஒட்டும். அப்போது ஒருவர் புத்துணர்வோடும் மற்றவர் நாள் முழுதும் உழைத்த களைப்போடும் பேச வருகிறார்கள். களைத்தவரின் சுருக்கமான பதில்களை அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்வது இங்கே அடிக்கடி நிகழும் தவறு.

தூக்கத்தை விட்டுக்கொடுப்பவர் எப்போதும் ஒருவராகவே இருக்கக் கூடாது. வார நாட்களில் ஒருவர் சீக்கிரம் எழுந்தால், வார இறுதியில் மற்றவர் தாமதமாகத் தூங்கச் செல்லலாம். விட்டுக்கொடுத்தது யாருடைய தூக்கம் என்பது பேசப்படாமல் விடப்பட்டால், சில மாதங்களில் அது வேறு ஏதோ ஒரு சண்டையின் நடுவே வெளிவந்துவிடும்.

கடிகாரமே மாறும் நாடுகளில் கூடுதல் கவனம் தேவை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளும் பிரிட்டனும் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, அக்டோபர் மாதக் கடைசி ஞாயிறன்று பின்னே கொண்டுவருகின்றன. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அந்த மாற்றம் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்றும் நவம்பர் மாத முதல் ஞாயிறன்றும் நடக்கிறது. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் பருவங்கள் தலைகீழ் என்பதால், அக்டோபரில் முன்னே சென்று ஏப்ரலில் பின்னே வருகிறது. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, ஜப்பான், வளைகுடா நாடுகள் ஆகியவற்றில் கடிகாரம் மாறுவதே இல்லை. இதன் விளைவாக, லண்டனுக்கும் சிட்னிக்கும் இடையே ஆண்டின் ஒரு பகுதியில் 11 மணி நேரமும் இன்னொரு பகுதியில் 9 மணி நேரமும், நடுவே சில நாட்களில் 10 மணி நேரமும் வேறுபாடு இருக்கும். வழக்கமான நேரத்தில் அழைப்பு வரவில்லை என்று வருந்துவதற்கு முன், அந்த வாரம் கடிகாரம் மாறியதா என்று பாருங்கள். கைப்பேசியின் நாட்காட்டியில் அழைப்பு நேரத்தை ஒரு நிகழ்வாகப் பதிந்து மற்றவருக்கும் அனுப்பிவிட்டால், கணக்கைக் கருவியே பார்த்துக்கொள்ளும்.

"சாப்பிட்டாயா, தூங்கினாயா" என்பதைத் தாண்டிப் பேச எதுவும் வரவில்லை. அன்பு குறைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பொதுவான அன்றாடம் குறைந்துவிட்டது என்பதே காரணம். ஒரே வீட்டில் வாழ்பவர்கள் பேசுவதில் பெரும்பகுதி முன்கதை தேவைப்படாத பேச்சு. அலுவலகத்தில் யார் எப்படிப்பட்டவர், எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்பதெல்லாம் இருவருக்கும் ஏற்கெனவே தெரியும். தொலைவில் அந்த முன்கதை கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகிறது. அறுந்த பிறகு ஒரு சிறிய நிகழ்ச்சியைச் சொல்லவும் நீண்ட விளக்கம் தேவைப்படுகிறது. விளக்கம் சொல்லச் சோம்பல் வருகிறது. "எல்லாம் வழக்கம்போலத்தான்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது.

அதை மீட்பதற்கான வழி, பெரிய செய்திக்காகக் காத்திருக்காமல் சிறியவற்றைச் சொல்வதே. உங்கள் மேலாளரின் பெயர், பக்கத்து அறையில் இருப்பவரின் பழக்கம், தினமும் நடக்கும் பாதையில் இன்று வெட்டப்பட்ட மரம் என்று சொல்லுங்கள். அவருடைய உலகில் உள்ளவர்களைப் பெயர் சொல்லி விசாரியுங்கள். "அந்தப் புதிய மேற்பார்வையாளர் இன்றாவது ஒழுங்காக நடந்துகொண்டாரா?" என்ற ஒரு கேள்வி, "நாள் எப்படி இருந்தது?" என்ற பொதுக் கேள்வியைவிடப் பல மடங்கு அதிகம் பேசவைக்கும். நேற்று அவர் சொன்னதை நீங்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்பதை அது காட்டுகிறது.

குரல் செய்திகளை நான் மிகவும் பரிந்துரைக்கிறேன். நேர வேறுபாடு அதிகமாக உள்ளவர்களுக்கு அவை பெரிய துணை. நடந்துகொண்டே நான்கு நிமிடம் பேசி அனுப்பினால், மற்றவர் தம் நாள் தொடங்கும்போது கேட்டுக்கொள்வார். எழுத்தில் மறைந்துவிடும் சிரிப்பும் தயக்கமும் மூச்சும் குரலில் இருக்கின்றன.

பேசாமலேயே சேர்ந்திருப்பதையும் முயன்று பாருங்கள். அழைப்பைத் திறந்து வைத்துவிட்டு ஒருவர் சமைக்கலாம், மற்றவர் படிக்கலாம். முதல் சில முறை செயற்கையாகத் தோன்றும். பழகிய பிறகு, ஒரே அறையில் இருக்கும் இருவர் இடையிடையே ஒரு சொல் பேசிக்கொள்வது போன்ற இயல்பு வந்துவிடுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, துணையின் நல்ல செய்திக்கு ஒருவர் எப்படி எதிர்வினையாற்றுகிறார் என்பதை ஆராய்ந்தது. ஆர்வத்தோடு மேலும் கேட்பவர்களின் உறவு நிறைவாக இருந்தது. நாம் துயரத்தின்போது ஆறுதல் சொல்லத் தயாராக இருக்கிறோம். "இன்று என் வேலையைப் பாராட்டினார்கள்" என்று அவர் சொல்லும்போதோ "நல்லது" என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். தொலைவில் அந்தப் பாராட்டைக் கொண்டாட அவருக்கு அருகில் யாரும் இல்லாமல் இருக்கலாம். யார் சொன்னார், என்ன சொன்னார், கேட்டபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

வீடியோ அழைப்புக்குப் பிறகு ஏன் இவ்வளவு சோர்வாக இருக்கிறது?

தொழில்நுட்பத்துக்கும் இதில் பங்கு உண்டு. குரல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சென்றுசேர 150 மில்லிவினாடிக்குள் ஆனால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. தாமதம் அதைவிட மிகும்போது இருவரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கி நிறுத்துகிறார்கள், பதில் தாமதமாக வருகிறது, அந்தத் தாமதத்தை மனம் தயக்கம் என்றோ ஆர்வமின்மை என்றோ படித்துவிடுகிறது. இணைப்பு மோசமாக உள்ள நாளில் முகத்தை விட்டுக் குரலை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. முக்கியமான உரையாடலைத் தள்ளிப்போடுவதும் நல்லது.

செயலிகள் எல்லா நாடுகளிலும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. சீனாவில் வாட்ஸாப் முடக்கப்பட்டிருக்கிறது; ஐக்கிய அரபு அமீரகத்தில் அதன் செய்திகள் சென்றாலும் அழைப்புகளுக்கு நீண்ட காலமாகக் கட்டுப்பாடு இருந்துவருகிறது. புறப்படுவதற்கு முன்பே மாற்று வழி ஒன்றைச் சோதித்து வையுங்கள். உங்கள் நினைவுகளை ஒரே சேவையில் மட்டும் விட்டுவைக்கவும் வேண்டாம். எத்தனையோ இணையரின் அழைப்புகளைப் பல ஆண்டுகள் சுமந்த ஸ்கைப் 2025 மே மாதத்தில் மூடப்பட்டதே இதற்குச் சான்று.

சண்டை வந்தால் என்ன செய்வது?

முதலில், எழுத்துச் செய்தியில் சண்டையைத் தொடராதீர்கள். எழுத்தில் குரல் இல்லை என்பதால், படிப்பவர் தம் அச்சத்தின் குரலிலேயே அதைப் படிக்கிறார். "இதை எழுத்தில் பேச வேண்டாம், அழைக்கலாமா?" என்ற ஒரு வரி போதும்.

அழைப்பில் கோபம் கட்டுமீறிப் போகும்போது இடைவெளி எடுப்பது தவறன்று. தம்பதியரின் சண்டைகளைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடத்தில் கவனித்த ஜான் காட்மன், இதயத்துடிப்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100ஐத் தாண்டும் நிலையில் ஒருவரால் கேட்டு உள்வாங்க முடிவதில்லை என்றும், உடல் தணியக் குறைந்தது 20 நிமிடங்களாவது தேவை என்றும் எழுதியிருக்கிறார். ஒரே வீட்டில் இருப்பவர் அடுத்த அறைக்குப் போனாலும் அவர் அங்கேதான் இருக்கிறார் என்பது தெரியும். தொலைவில் அழைப்பைத் துண்டித்துவிட்டால், மற்றவருக்கு இருண்ட திரை மட்டுமே மிஞ்சுகிறது. திரும்ப அழைப்பு வருமா, எப்போது வரும் என்று தெரியாமல் ஒரு முழு இரவு கழிகிறது. இந்தக் காரணத்தால் இடைவெளியைக் கேட்பவரே திரும்பி வரும் நேரத்தையும் சொல்ல வேண்டும்: "எனக்கு இப்போது கோபம் அதிகமாக இருக்கிறது, ஒரு மணி நேரம் கழித்து நானே அழைக்கிறேன்." சொன்ன நேரத்தில் அழைத்துவிடுங்கள், கோபம் மிச்சமிருந்தாலும்.

சண்டையின்போது எண்ணை முடக்குவதை நான் எந்த நிலையிலும் ஏற்க மாட்டேன், அச்சுறுத்தலோ வன்முறையோ இருந்தால் தவிர. ஒரே கதவு உள்ள வீட்டில் அந்தக் கதவையும் சாத்துவது அது. அதை ஒருமுறை அனுபவித்தவர், அடுத்த முறை மறுத்துப் பேசவே அஞ்சத் தொடங்குகிறார்.

சந்திப்புக்குச் சில நாட்களே இருக்கும்போது மனக்குறைகளை மூடி வைப்பதும், சந்திப்பு முடியும் நாளில் அவற்றைக் கொட்டுவதும் பல இணையரிடம் காணப்படும் வழக்கம். பிரியும் துயரமே கோபமாக வெளிப்படுகிறது என்பதை இருவரும் முன்பே அறிந்திருந்தால், கடைசி நாளை அதற்காகவே சற்று எளிமையாக வைத்துக்கொள்ளலாம்.

சந்தேகம் வருகிறது. இருப்பிடத்தையும் கடவுச்சொல்லையும் பகிர்ந்துகொண்டால் சரியாகுமா?

கேட்டு வாங்கிய கடவுச்சொல் சந்தேகத்தைத் தீர்ப்பதை நான் கண்டதில்லை. ஒரு கணக்கைப் பார்த்தவுடன் இன்னொரு கணக்கு இருக்குமோ என்ற கேள்வி எழுகிறது; இருப்பிடப் புள்ளி வழக்கமான இடத்திலிருந்து சற்று நகர்ந்ததும் விசாரணை தொடங்குகிறது. வீட்டுக்குப் பத்திரமாகச் சேர்ந்தாரா என்பதற்காக இருவரும் விரும்பி இருப்பிடத்தைப் பகிர்வது வேறு. ஒருவரின் நிபந்தனைக்காக மற்றவர் கண்காணிப்புக்கு உட்படுவது வேறு. அது கட்டுப்பாட்டின் வடிவம்.

சந்தேகத்தைத் தணிக்கக்கூடியது முன்கூட்டியே சொல்லப்படும் தகவல். இன்று மாலை யாரோடு வெளியே போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள். புதிய நண்பர்களை ஓர் அழைப்பில் அறிமுகப்படுத்துங்கள். பெயரும் முகமும் தெரிந்தவர் பற்றிய கற்பனை அவ்வளவு தூரம் ஓடுவதில்லை. எது வரம்பு மீறல் என்பதையும் பொதுவாக விட்டுவிடாமல் பேசி முடிவு செய்யுங்கள். முன்னாள் காதலரோடு செய்திப் பரிமாற்றம், தனியாக ஒருவரோடு உணவருந்தப் போவது போன்றவற்றில் இருவரின் எண்ணமும் ஒன்றாகவே இருக்கும் என்று ஊகிக்க வேண்டாம். பேசிய பிறகும் அமைதி கிடைக்காவிட்டால், அந்த அச்சம் துணையின் நடத்தையிலிருந்து வருகிறதா, முன்பு பட்ட காயத்திலிருந்து வருகிறதா என்று தனியாகச் சிந்திக்க வேண்டும். இரண்டாவதாக இருந்தால் ஓர் உளவியல் ஆலோசகர் உதவ முடியும்.

பிரிவில் யார் அதிகம் துன்பப்படுகிறார், போனவரா இருப்பவரா?

இந்தக் கேள்வியைப் போட்டியாக்கினால் இருவரும் தோற்பார்கள். இருப்பவருக்குப் பழகிய இடங்களில் எல்லாம் வெற்றிடம் தெரிகிறது. வீட்டுப் பொறுப்புகள் முழுவதும் அவர் தலையில் இறங்குகின்றன. போனவருக்குப் புதிய மொழி, புதிய வேலை, தம்மை அறிந்தவர் யாருமில்லாத தெரு. அவருடைய படங்களில் தெரியும் அழகிய நகரத்தை மட்டும் பார்க்கும் இருப்பவர், அந்தப் படம் எடுக்கப்பட்ட நாளின் தனிமையைப் பார்ப்பதில்லை. பொருள் தேடிப் பிரிவதைப் பாடிய சங்கப் புலவர்கள், காத்திருக்கும் தலைவியின் ஏக்கத்தை மட்டும் பாடி நிறுத்திக்கொள்ளவில்லை. சுரம் எனப்படும் வறண்ட பாலை வழியின் நடுவே நின்று அவளை நினைத்து வாடும் தலைவனையும் பாடியிருக்கிறார்கள். இரண்டு துயரங்களுக்கும் தனித்தனியே இடம் கொடுத்த அந்தப் பார்வை இன்றும் நமக்குத் தேவை. "எனக்கும் கஷ்டம்தான்" என்று பதிலுக்குச் சொல்வதற்கு முன், மற்றவர் சொல்வதை முழுதாகக் கேட்டு முடியுங்கள்.

பணம் பற்றி எப்படிப் பேசுவது?

வெளிப்படையாக, எண்களோடு. வெளிநாட்டுச் சம்பளத்தை வீட்டு நாணயத்துக்கு மாற்றிப் பார்த்தால் பெரிதாகத் தெரியும். அங்கே வாடகையும் வரியும் காப்பீடும் போன பிறகு மிஞ்சுவது வேறு. அந்தக் கணக்கைத் துணைக்குக் காட்டுங்கள். பயணச் செலவைச் சரிபாதி பிரிப்பதைவிட வருமானத்துக்கு ஏற்பப் பிரிப்பது நியாயமாக இருக்கும். அடுத்த சந்திப்புக்கென்றே ஒரு சேமிப்பை இருவரும் சேர்ந்து தொடங்குங்கள். தொகை சிறிதானாலும், மாதந்தோறும் அது வளர்வதை இருவரும் பார்ப்பது சந்திப்பை உறுதியாக்குகிறது.

நீண்ட நாட்களுக்குப் பிறகு சந்திக்கும்போது ஏன் ஒரு விலகல் தோன்றுகிறது?

அது இயல்பு. பல மாதங்கள் குரலோடும் திரையோடும் பழகிய மனம், உடலோடு வந்து நிற்பவரை மீண்டும் அறிந்துகொள்ளச் சில நாட்கள் எடுத்துக்கொள்கிறது. வந்தவருக்குப் பயணக் களைப்பும் இருக்கும். உடலின் உள்கடிகாரம் பொதுவாக நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்ற அளவில்தான் புதிய நேரத்துக்குப் பழகுகிறது, கிழக்கு நோக்கிப் பயணித்தவர்களுக்கு இன்னும் கடினம். முதல் இரண்டு நாட்களை விருந்தினர் வருகையும் சுற்றுலாவும் இல்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். முழுச் சந்திப்பையும் விடுமுறையாக மாற்றிவிடாமல், சேர்ந்து கடைக்குப் போவது, துணி துவைப்பது, ஒருவர் வேலை செய்யும்போது மற்றவர் சும்மா இருப்பது போன்ற சாதாரண நாட்களையும் வாழ்ந்து பாருங்கள். எதிர்காலத்தில் சேர்ந்து வாழப்போவது அந்த நாட்களைத்தான்.

எவ்வளவு காலம் இப்படி வாழலாம்?

ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட, முடிவு கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே முக்கியம் என்று கருதுகிறேன். மூன்று ஆண்டுகள் என்று தெரிந்த பிரிவை இருவர் தாங்கிவிடுகிறார்கள். "பார்க்கலாம்" என்று ஆறு மாதமாக நீளும் பிரிவு அவர்களையே உலுக்கிவிடுகிறது. யார் எங்கே வருவது, எந்த நிபந்தனை நிறைவேறினால் வருவது, அது நிறைவேறாவிட்டால் மாற்று என்ன என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் இருக்க வேண்டும். பதில் மாறலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதைப் பற்றி மட்டும் பேச ஒரு நாளை ஒதுக்குங்கள், அப்போதுதான் அது ஒவ்வோர் அழைப்பிலும் நுழையாது.

திட்டத்தைக் குடியேற்ற விதிகளின் மீது அமைக்க வேண்டும், விருப்பத்தின் மீது மட்டும் அமைக்க முடியாது. ஐரோப்பாவின் ஷெங்கன் பகுதிக்குக் குறுகிய காலப் பயணமாகச் செல்பவர் எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றில் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. பிரிட்டனில் 2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்புகளில், ஆராய்ச்சிப் பட்டப் படிப்பு போன்ற சில பிரிவினரைத் தவிர, வெளிநாட்டு மாணவர்கள் துணையை உடன் அழைத்துவர முடியாது. அமெரிக்கக் குடிமகனை மணக்கவிருப்பவருக்கான கே-1 விசாவுக்கு, விண்ணப்பிப்பதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. அமெரிக்கா வந்த 90 நாட்களுக்குள் திருமணம் நடக்க வேண்டும். இத்தகைய விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. அந்தந்த அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் இன்றைய நிலையைப் பார்த்த பிறகே வேலையை விடுவதையோ வீட்டைக் காலி செய்வதையோ முடிவு செய்யுங்கள்.

உறவு உண்மையானதுதான் என்பதற்குச் சான்று கேட்கும் நாடுகள் பல. பயணச்சீட்டுகள், சேர்ந்து எடுத்த படங்கள், பணம் அனுப்பிய பதிவுகள், அழைப்பு விவரங்கள் ஆகியவற்றைத் தேதியோடு ஒரு கோப்புறையில் சேர்த்து வாருங்கள். விண்ணப்பிக்கும் வாரத்தில் ஒட்டுமொத்தமாகத் தேடுவது மிகுந்த மன உளைச்சல் தரும் வேலை.

உடல் நெருக்கம் இல்லாத வெறுமையைப் பற்றிப் பேசலாமா?

பேச வேண்டும். பேசாமல் விட்டால் ஒருவர் அதைத் தம் குறையாகவும் மற்றவர் விலகலாகவும் எடுத்துக்கொள்வார். ஏங்குகிறேன் என்று சொல்வதே ஒரு நெருக்கம். அந்தரங்கப் படங்களைப் பகிர்வதைப் பொறுத்தவரை, யாரும் யாரையும் வற்புறுத்தக் கூடாது. முகமும் அடையாளமும் தெரியாமல் இருப்பது பாதுகாப்பு. சில நாடுகளில் அப்படி அனுப்புவதே சட்டப்படி குற்றமாகலாம். சம்மதமின்றி அத்தகைய படம் பரவும் என்ற அச்சுறுத்தல் வந்தால், 2021இல் தொடங்கப்பட்ட ஸ்டாப்என்சிஐஐ என்ற இலவசச் சேவை, படத்தைப் பதிவேற்றாமலேயே அதன் எண்வழி அடையாளத்தை உருவாக்கி, பங்கேற்கும் சமூக ஊடகத் தளங்களில் அது பரவுவதைத் தடுக்க உதவுகிறது.

அவசர நிலைக்கு எப்படித் தயாராவது?

வெளிநாட்டில் இருப்பவரின் முகவரி, வேலையிடத்தின் தொலைபேசி எண், அருகிலுள்ள ஒரு நண்பரின் எண், காப்பீட்டு விவரம், கடவுச்சீட்டின் நகல் ஆகியவை துணையிடம் இருக்க வேண்டும். அவருடையவை உங்களிடமும் இருக்க வேண்டும். ஒரு நாள் முழுதும் தொடர்பு இல்லாவிட்டால் முதலில் யாரை அழைப்பது என்பதையும் பேசி வையுங்கள். திருமணம் ஆகாதவர்களை மருத்துவமனையோ அலுவலகமோ உறவினராக ஏற்காமல் போகலாம் என்பதால், அவசரத் தொடர்பாளர் படிவங்களில் துணையின் பெயரை எழுதிக்கொடுப்பது அவசியம்.

ஒருவழியாகச் சேர்ந்து வாழப்போகிறோம். இனி எல்லாம் எளிதாகிவிடுமா?

லாரா ஸ்டாஃபோர்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், தொலைவில் இருந்து ஒரே ஊருக்கு வந்துசேர்ந்த காதலர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் மூன்று மாதங்களுக்குள் பிரிந்தார்கள் என்று தெரியவந்தது. தனிமையில் கிடைத்த சுதந்திரம் போய்விட்டது, துணையின் விரும்பத்தகாத பழக்கங்கள் தெரியவந்தன என்று பங்கேற்றவர்கள் சொன்னார்கள். முதலில் குறிப்பிட்ட உயர்த்திப் பார்க்கும் மனப்பாங்கு இங்கேதான் உடைகிறது. சேர்ந்த முதல் மாதங்களை உறவின் புதிய தொடக்கமாகவே எண்ணி, தனியாகக் கழிக்கும் நேரம், வீட்டு வேலைப் பங்கீடு, விருந்தினர், தூங்கும் நேரம் என்று எல்லாவற்றையும் மறுபடி பேசி அமையுங்கள். ஒருவர் மற்றவருடைய நாட்டுக்கு வந்திருந்தால், வேலையையும் நண்பர்களையும் விட்டுவிட்டு வந்தவர் அவர் என்பதை மறக்க வேண்டாம். அவருக்கென்று சொந்தமாக ஒரு வட்டம் அமையும்வரை, உங்கள் வட்டத்துக்குள் அவரை வரவேற்பது உங்கள் பொறுப்பு.

எப்போது முடித்துக்கொள்வது சரி?

திட்டத்தைப் பற்றிப் பேசும் ஒவ்வொரு முயற்சியையும் ஒருவர் தொடர்ந்து தட்டிக்கழிக்கும்போது, கொடுத்த வாக்குகள் விளக்கம்கூட இல்லாமல் மீறப்படும்போது, அழைப்பு வந்தால் மகிழ்ச்சியைவிட அச்சமே முந்தும்போது, பிரிவைக் குறித்துச் சிந்திக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. மிரட்டலோ அவமதிப்போ பணப் பறிப்போ இருந்தால் காத்திருக்கவே வேண்டாம்.

முடிவு எடுத்துவிட்டால் அதைச் செய்தியாக அனுப்பாமல், நேரில் முடியாவிட்டால் குரலிலாவது சொல்லுங்கள். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தையும் நள்ளிரவையும் தவிர்த்து, அவருக்கு அருகில் நண்பர் ஒருவர் இருக்கக்கூடிய நாளைத் தேர்ந்தெடுங்கள். உங்களில் ஒருவருடைய விசா மற்றவரைச் சார்ந்திருந்தால், எந்த அலுவலகத்துக்கும் தகவல் தெரிவிப்பதற்கு முன் குடியேற்றச் சட்டம் அறிந்த வழக்கறிஞரை அணுகி, தங்கும் உரிமைக்கு எவ்வளவு கால அவகாசம் இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பொதுவான வங்கிக் கணக்கையும் ஆவணங்களையும் பிரித்துக்கொள்வதற்கான தேதியையும் அதற்கேற்ப இருவரும் பேசி வைத்துக்கொள்ளலாம்.